சீனக்குடாவில் உறங்கி விழித்த விமானம்

திருகோணமலைத் துறைமுகத்தின் கரையில் ஒரு பகற்பொழுதைக் கழிப்பவருடைய செவியில் விழும் ஓசைகள் பலவாகும். சுவாமி மலையிலிருந்து கோணேசர் கோயிலின் மணியொலி வரும். மீனோடு திரும்பும் வள்ளங்களின் இயந்திர ஒலி வரும். நங்கூரம் தூக்கும் கப்பலின் ஊதலும், சீனக்குடா நிலையத்தை நெருங்கும் புகைவண்டியின் கூவலும் வரும். இவற்றுக்கெல்லாம் மேலாக, சீனக்குடா விமானத்தளத்திலிருந்து எழும் விமானத்தின் ஒலியும் அவ்வப்போது வரும். எண்பது ஆண்டுகளுக்கு மேலாக இவ்வூர் மக்கள் இவ்வொலியோடு வாழ்ந்து வருகின்றனர்.

விமானத்தின் ஓசை கேட்டால் அண்ணாந்து பார்ப்பது மனித இயல்பு. பார்த்தவருட் பெரும்பாலோர் மறுகணமே தம் வேலையைத் தொடர்வர். ஒரு சிலரோ அதன் வடிவை மனத்திற் பதித்து, உடலில் எழுதப்பட்ட எண்ணைக் குறித்து, எந்நேரத்தில் எத்திசையிற் சென்றது என்பதையும் எழுதி வைப்பர். இவர்களே விமான ஆர்வலர். ஒரு போர்விமானம் படைச் சேவையிலிருந்து ஓய்வுபெறுங் காலம் நெருங்கும்போது இவர்களுடைய நினைவுகள் ஊற்றெடுக்கத் தொடங்குகின்றன. அந்நினைவுகள் எத்தகையன, அவற்றால் விளையும் பயன் யாது, அவற்றில் விடுபட்டுப்போவன எவை என்னும் வினாக்களுக்குச் சீனக்குடாவோடு தொடர்புடைய ஒரு விமானத்தின் கதை விடை தருகிறது.

அக்கதைக்குச் செல்லுமுன் அண்மையில் அயல்நாட்டில் நிகழ்ந்த ஒன்றைக் கருதலாம். 2025ஆம் ஆண்டு செப்டெம்பர் 26ஆம் நாள், இந்தியாவின் சண்டிகார் நகரில் மிக்-21 என்னும் போர்விமானத்துக்குப் பிரியாவிடை அளிக்கப்பட்டது. ஒலியின் வேகத்தை விஞ்சிப் பறந்த இந்திய விமானப் படையின் முதற் போர்விமானம் அது. 1963இல் அதே சண்டிகாரிலேயே அது படையிற் சேர்ந்தது. அறுபத்திரண்டு ஆண்டுகளில் 800க்கு மேற்பட்ட மிக்-21 விமானங்கள் இந்தியாவிற் பணிபுரிந்தன. இறுதி நாளில் அவற்றுக்கு இருபுறமுமிருந்து நீரைப் பீய்ச்சி மரியாதை செய்தனர். ஒரு காலத்தில் அவற்றை ஓட்டிய முதிய விமானிகளும் அதனைக் காண வந்திருந்தனர்.

அவ்விமானத்தைப் பற்றிய நினைவு ஒரே நிறமுடையதன்று. 1971ஆம் ஆண்டுப் போரில் அது ஆற்றிய பணியைப் பெருமையோடு சொல்வோர் உளர். நூற்றுக்கணக்கான மிக்-21கள் விபத்துக்குள்ளானதையும், இளம் விமானிகள் பலர் அவற்றில் மாண்டதையும் சொல்வோரும் உளர். ‘பறக்கும் சவப்பெட்டி’ என்ற பெயரும் அதற்கு வழங்கியது. பெருமையோடு பேசுவோரும் வருத்தத்தோடு பேசுவோரும் பேசுவது ஒரே விமானத்தைப் பற்றித்தான். ஒரு தரப்பின் சொல்லை மட்டுங் கேட்டு எழுதினால் அவ்விமானத்தின் வரலாறு முழுமை பெறாது.

ஒரு விமானம் ஏன் ஓய்வுபெற வேண்டும் என்று கேட்கலாம். மாட்டுவண்டி அச்சு முறிந்தால் அச்சை மாற்றுகிறோம். சில்லுத் தேய்ந்தால் சில்லை மாற்றுகிறோம். வண்டி பல காலம் ஓடுகிறது. விமானத்தையும் அவ்வாறு ஓட்டலாகாதா? ஓரளவுக்கு ஓட்டலாம், எல்லையின்றி ஓட்டல் இயலாது. ஒரு மெல்லிய கம்பியை இருபுறமும் மாறி மாறி வளைத்தால், முதலில் ஒன்றும் ஆகாது. பலமுறை வளைத்தபின் திடீரென முறிந்துவிடும். விமானத்தின் இறக்கையும் அத்தகையதே. ஒவ்வொரு முறை மேலெழும்போதும் திரும்பும்போதும் தரையில் மோதி இறங்கும்போதும் அது சிறிதே வளைந்து நிமிர்கிறது. இதனை உலோகத்தின் களைப்பு என்பர். கொமற் என்னும் பிரித்தானியப் பயணிகள் விமானங்கள் 1954இல் நடுவானிற் சிதைந்த பின்னரே உலகம் இவ்வுண்மையை நன்கு உணர்ந்தது. ஆகவே ஒவ்வொரு விமானத்துக்கும் இத்தனை மணி நேரமே பறக்கலாம் என்று வாழ்நாள் கணக்கிடப்படுகிறது.

உலோகம் களைக்காவிடினும் வேறு காரணங்கள் உள. இறப்பர் வளையங்கள் காய்ந்து வெடிக்கும். ஆபத்து வேளையில் விமானியை இருக்கையோடு வெளியே எறியும் வெடிபொருள் காலங் கடந்தால் நம்பத்தகாதது ஆகும். கடலருகேயுள்ள தளங்களில் உப்புக்காற்று அலுமினியத் தகட்டை அரிக்கும். எல்லாவற்றினும் மேலாக, அவ்வகை விமானத்தைச் செய்த தொழிற்சாலை அதனை நிறுத்திவிட்டு வேறொன்றைச் செய்யத் தொடங்கியதும் உதிரிப் பாகங்கள் அருகிவிடும். ஒரு விமானத்தைப் பறக்கச் செய்வதற்கு இன்னொன்றின் பாகங்களைக் கழற்ற நேரிடும். அந்நிலை வந்துவிட்டால் ஓய்வு அண்மித்துவிட்டது என்று தொழிலாளர் அறிந்துகொள்வர்.

இனிச் சீனக்குடாவுக்கு வருவோம். திருகோணமலை நகருக்கு எதிரே, உட்துறைமுகத்தின் மறுகரையில் அமைந்தது அவ்விடம். அங்கிருந்து தெற்கே தம்பலகாமத்தின் வயல்களும், களப்புக்கு அப்பால் கிண்ணியாவும் உள்ளன. 2009இல் பாலம் திறக்கப்படும்வரை, ‘பாதை’ என்று அப்பகுதியார் அழைக்கும் மிதவையில் ஏறியே மக்கள் கிண்ணியாவுக்குச் சென்றனர். பிரித்தானியர் தம் கடற்படைக்கு வேண்டிய எரிபொருளைச் சேமிக்கச் சீனக்குடாவில் ஏறத்தாழ நூறு எண்ணெய்க் குதங்களைக் கட்டினர். அவற்றுக்கு அருகே விமானத்தளமும் எழுந்தது.

இரண்டாம் உலகப் போரில் அத்தளத்தின் பெயர் உலகறியலாயிற்று. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாட் காலையில், விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து புறப்பட்ட நூற்றுக்கு மேற்பட்ட யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. சீனக்குடாவிலிருந்து ஹரிக்கேன் விமானங்கள் எழுந்து எதிர்த்தன. யப்பானிய விமானமொன்று எண்ணெய்க் குதமொன்றின்மீது மோதி எரிந்தது. அதே நாளில் மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது.

விமானத்தை உற்று நோக்கி அடையாளங் காணும் பழக்கம் பொழுதுபோக்காகப் பரவியதும் அப்போரின் காலத்தில்தான். வானத்தில் ஒரு நிழலுருவந் தெரிந்தவுடன் அது நட்பு விமானமா, பகை விமானமா என்று அறிவது அன்று உயிர்காக்கும் கலையாயிருந்தது. இறக்கை எங்கே பொருந்தியுள்ளது, வால் எவ்வடிவிற்று, இயந்திரம் எத்தனை என்று பார்த்துச் சொல்லும் பயிற்சி பிரித்தானியாவிற் பொதுமக்களுக்கும் அளிக்கப்பட்டது. அதற்கென்றே பத்திரிகையும் நடத்தப்பட்டது. போர் ஓய்ந்தபின் அச்சம் நீங்கிற்று; கண்ணின் பயிற்சி மட்டும் எஞ்சிற்று. அச்சத்திற் பிறந்த ஒரு கலை அமைதிக் காலத்தில் ஆர்வமாய் மாறிய வரலாறு இது.

1951ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள் இலங்கையின் விமானப் படை தோன்றியது. சிப்மங்க், பலியோல் ஆகிய பயிற்சி விமானங்கள் முதலில் வந்தன. அவை காற்றாடியாற் பறப்பவை. 1957இல் பிரித்தானியர் திருகோணமலைக் கடற்படைத் தளத்தையும் கட்டுநாயக்க விமானத்தளத்தையும் இலங்கை அரசிடம் ஒப்படைத்தனர். தன் வானைத் தானே காக்கும் பொறுப்பு ஒரு சிறு நாட்டின் தோளில் ஏறிற்று. அப்பொறுப்புக்கு ஈடுகொடுக்கவே 1959இல் ஜெற் விமானங்கள் வரலாயின. ஜெற் புரொவொஸ்ற் என்பது அவ்விமானத்தின் பெயர். பன்னிரண்டு விமானங்கள் வாங்கப்பட்டன.

அதன் அமைப்பை அறிந்துகொள்வது நன்று. ஊதிய பலூனின் வாயைக் கட்டாமற் கையைவிட்டால் அது பின்புறமாகக் காற்றைத் தள்ளிக்கொண்டு முன்னே பாய்வதைக் குழந்தைகளும் அறிவர். ஜெற் இயந்திரத்தின் அடிப்படையும் அதுவே. முன்புறமாக உள்ளிழுக்கப்பட்ட காற்று, சுழலும் தகடுகளால் நெருக்கப்படுகிறது. நெருங்கிய காற்றில் மண்ணெண்ணெய் போன்ற எரிபொருள் தெளிக்கப்பட்டு எரிகிறது. வெப்பத்தால் விரிந்த வாயு பின்புறமாகப் பெருவேகத்துடன் வெளியேற, விமானம் முன்னே தள்ளப்படுகிறது. வெளியேறும் வாயுவே வழியில் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, முன்னுள்ள தகடுகளையும் இயக்குகிறது.

ஜெற் புரொவொஸ்ற் விமானத்திற் பூட்டிய இயந்திரத்துக்கு வைப்பர் என்று பெயர். அதன் பிறப்பு வியப்புக்குரியது. ஜிந்திவிக் என்பது அவுஸ்திரேலியாவில் உருவான, விமானி இல்லாத ஓர் இலக்கு விமானம். பீரங்கிப் பயிற்சியின்போது சுட்டு வீழ்த்தப்படுவதற்காகவே பறப்பது. எப்படியும் அழியப் போகும் விமானத்துக்கு நீண்டநாள் உழைக்கும் இயந்திரம் எதற்கு? ஆகவே சில மணி நேரம் உழைத்தாற் போதும் என்றே வைப்பர் இயந்திரத்தை முதலில் வடித்தனர். பின்னர் அது திருத்தி வலுவூட்டப்பட்டு, பல நாடுகளின் விமானங்களிற் பல்லாண்டு உழைத்தது. எறிந்துவிடுவதற்கென்று செய்த பொருளொன்று நெடுங்காலம் வாழ்ந்த கதை ஆர்வலர்களுக்கு மிகவும் பிடித்தது.

இவ்விமானத்தின் முதல் மாதிரி 1954ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள் இங்கிலாந்தின் லூட்டன் நகரிற் பறந்தது. அதற்குமுன், புதிதாகச் சேர்ந்த மாணவன் காற்றாடி விமானத்திற் பயின்ற பின்னரே ஜெற் விமானத்தைத் தொடுவான். முதல் நாளிலிருந்தே ஜெற் விமானத்திற் பயிற்றலாமா என்ற சோதனை 1955இல் ஹல்லவிங்ரன் என்னுமிடத்திற் செய்யப்பட்டது. அது வெற்றியும் பெற்றது. இவ்விமானத்தில் ஆசிரியரும் மாணவரும் அருகருகே அமர்வர். ஆசிரியர் மாணவனின் கையை மட்டுமன்றி முகத்தையும் பார்க்கலாம். பதற்றம் எப்போது தொடங்குகிறது என்பதை உடனே உணரலாம். பாடஞ் சொல்லும் எவரும் இதன் நன்மையை எளிதில் உணர்வர். விசை சிறிது, கூச்சல் பெரிது என்ற குறையும் அதற்கு உண்டு. விசை மாறாமல் இரைச்சல் மட்டும் மாறும் இயந்திரம் என்று பிரித்தானியாவில் அதில் பயின்றோர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

அயல்நாடுகளுக்கு விற்ற முதல் வகையில் இரண்டு இயந்திரத் துப்பாக்கிகள் பொருத்தப்பட்டன. இலங்கைக்குப் பன்னிரண்டும், குவைத்துக்கு ஆறும், சூடானுக்கு நான்கும் ஆக 22 விமானங்களே அவ்வகையில் விற்கப்பட்டன. உலகெங்கும் இருபத்திரண்டே இருந்த ஒன்றிற் பாதிக்கு மேற்பட்டவை இலங்கைக்கு வந்தன என்பதனாலேயே, விமான வரலாறு எழுதுவோர் இத்தீவின் பெயரை மறவாது குறிக்கின்றனர். அவற்றின் உடலில் சீ.ஜே. என்ற ஈரெழுத்தும், எழுநூற்றொன்று முதலான வரிசை எண்ணும் எழுதப்பட்டிருந்தன. ஆர்வலருக்கு அவ்வெண் ஒரு மனிதனின் பெயரைப் போன்றது. 701 எங்கே போயிற்று, 705க்கு என்ன நேர்ந்தது என்று தேடுவதே அவர்தம் இன்பம்.

பன்னிரண்டு ஜெற் விமானங்களை ஓயாது பறக்க வைப்பது எளிய காரியமன்று. எரிபொருளும் உதிரிப் பாகங்களும் அந்நியச் செலாவணியைத் தின்பவை. 1960களில் அச்செலாவணி நாட்டில் அருகியிருந்தது. ஆகவே காலப்போக்கில் அவ்விமானங்களுட் சில சேமிப்பில் வைக்கப்பட்டன. வைக்கப்பட்ட இடம் சீனக்குடா.

விமானத்தைச் சேமிப்பில் வைப்பது, வண்டியைக் கொட்டிலில் விடுவது போன்றதன்று. பொதுவாக, இயந்திரத்தின் உட்புறத்தில் துருப்பிடியாதபடி எண்ணெய் செலுத்துவர். காற்றுப் புகும் வாயில்களை மூடுவர். ஈரத்தை உறிஞ்சும் பொருளை உள்ளே வைப்பர். மின்கலத்தைக் கழற்றுவர். சில்லுகள் ஒரே பக்கத்தில் அழுந்தாதபடி பார்த்துக்கொள்வர். இவை யாவும், மீண்டும் ஒருநாள் அழைப்பு வரும் என்ற நம்பிக்கையோடு செய்யப்படும் வேலைகள். ஆயினும் அழைப்பு வருவது அரிது. சேமிப்புக்குச் சென்ற விமானங்களுட் பெரும்பாலானவை அங்கேயே பழையன ஆகிவிடும். சீனக்குடாவில் உறங்கிய விமானங்களுக்கோ அழைப்பு வந்தது.

1971ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள், மக்கள் விடுதலை முன்னணியின் கிளர்ச்சி இலங்கையில் வெடித்தது. நாட்டின் பல பாகங்களிலும் பொலிஸ் நிலையங்கள் தாக்கப்பட்டன; ஏக்கலையிலுள்ள விமானப் படை முகாமும் தாக்கப்பட்டது. கிளர்ந்தவருட் பெரும்பாலோர் சிங்களக் கிராமங்களைச் சேர்ந்த இளைஞர். பாடசாலைக் கல்வியை முடித்தும் வேலை கிட்டாதவர் அவருட் பலர். அத்துணைப் பெரிய எழுச்சியை அரசு எதிர்பார்த்திருக்கவில்லை. படையின் கையிலிருந்த கருவிகளோ மிகச் சில. அப்போதுதான் சீனக்குடாவிற் சேமித்த ஜெற் விமானங்களின் நினைவு வந்தது. தொழில்நுட்பத்தினர் இரவு பகலாக உழைத்துச் சில நாட்களுள் அவற்றை மீண்டும் பறக்கும் நிலைக்குக் கொணர்ந்தனர். ஆயுதம் பூட்டப்பெற்ற விமானங்கள் சீனக்குடாவின் ஓடுபாதையிலிருந்து எழுந்து, கிளர்ச்சியாளர் இருந்த இடங்களைத் தாக்கின.

நிகழ்ந்ததை இரு கண்களாலும் காணல் வேண்டும். தொழில்நுட்பத்தினரின் நோக்கிற் பார்த்தால் அது ஒரு சாதனை. நெடுநாள் அசையாதிருந்த இயந்திரங்களைச் சில நாட்களில் உயிர்ப்பித்தமை, முன்னர் அவற்றை மூடிவைத்தவர்களின் கவனத்துக்கும், பின்னர் அவற்றைத் திறந்தவர்களின் திறமைக்கும் சான்றாகும். விமானப் படையின் வரலாற்றில் அதன் விமானங்கள் போரிற் பங்குகொண்டது அதுவே முதன்முறை. விமான ஆர்வலர் எழுதும் குறிப்புகளில் இப்பகுதி சுவையோடு இடம்பெறுகிறது.

ஆயினும், ஆசிரியரும் மாணவரும் அருகருகே அமர்ந்து பயில்வதற்கென்று வடித்த விமானம் தன் முதற் போரில் எதிர்கொண்டது அயல்நாட்டுப் பகைவரையன்று. நாட்டின் இளைஞரையே அது எதிர்கொண்டது. அக்கிளர்ச்சியில் இறந்தோர் ஏறத்தாழ 1,200 பேர் என்று அரசு கணித்தது. பிறர் அத்தொகையைப் பன்மடங்காக மதிப்பிட்டனர். விமானங்களால் இறந்தவர் அதில் ஒரு பகுதியினரே. எனினும், எத்தனை விமானங்கள், எந்த எண்கள், எந்த இயந்திரம் என்று நுணுக்கமாகக் கணக்கு வைத்த உலகம், இறந்தவரை எண்ணுவதில் அந்த நுணுக்கத்தைக் காட்டவில்லை என்பது சிந்திக்கத்தக்கது.

கிளர்ச்சி ஓய்ந்ததும் நிலைமை மாறிற்று. 1971இலேயே சோவியத் நாட்டிலிருந்து மிக்-17 வகைப் போர்விமானங்கள் வந்தன. அவை வேகமும் ஆற்றலும் மிக்கவை. 1972இல் நாடு குடியரசாக, விமானப் படையின் பெயரும் மாறிற்று. 1970களில் ஜெற் புரொவொஸ்ற் விமானங்கள் இரண்டாம் முறையாக ஓய்வு கண்டன. அதன்பின் அவை எழவில்லை. அவ்வகை விமானத்தை இன்று இரத்மலானையிலுள்ள விமானப் படை அருங்காட்சியகத்திற் காணலாம்.

பிரித்தானியாவில் அவற்றின் உடன்பிறப்புகள் நெடுங்காலம் பறந்தன. அந்நாட்டு விமானப் படையிலிருந்து ஜெற் புரொவொஸ்ற் 1993இல்தான் முற்றாக விலகியது. விலகியவற்றுட் பலவற்றைத் தனியார் வாங்கி, தம் பணத்தையும் ஓய்வு நேரத்தையும் செலவிட்டுப் பறக்க வைத்துள்ளனர். காட்சி நாட்களில் அவற்றைக் காணக் கூட்டம் கூடுகிறது. கூட்டத்திலுள்ள முதியவர் ஒருவர், இதில்தான் முதன்முதலில் தனியே பறந்தேன் என்று பேரனுக்குக் காட்டுவார். அங்கே அவ்விமானம் இளமைக் கல்வியின் நினைவாக நிற்கிறது. ஒரே விமானம் ஒரு நாட்டில் பள்ளிக்கூடத்து நினைவாகவும், இன்னொரு நாட்டில் உள்நாட்டுக் கிளர்ச்சியின் நினைவாகவும் விளங்குவது, அதனை எக்காரியத்துக்கு ஏவினோம் என்பதைப் பொறுத்தது.

திருகோணமலை மாவட்டத்து மக்களுக்கு இவ்வுண்மையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பின்னர் வந்த போர்க்காலம் அவர்களுக்கு அதனைக் கற்பித்துவிட்டது. 1991இல் சீனாவிலிருந்து எஃப்-7 விமானங்கள் வந்தன. அவை சண்டிகாரில் விடைபெற்ற மிக்-21 விமானத்தின் சீன வடிவமே. 1996இல் இஸ்ரேலிலிருந்து கிபிர் விமானங்கள் வந்தன. வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் மக்களின் நாவில் ‘கிபிர்’ என்பது எல்லாக் குண்டுவீச்சு விமானங்களுக்கும் பொதுப்பெயர் போலாயிற்று. அவ்வொலி கேட்டதும் தாய்மார் குழந்தைகளை அணைத்துக்கொண்டு பதுங்குகுழிக்கு ஓடினர். 2006ஆம் ஆண்டு ஏப்ரல் மாத இறுதியில், கொட்டியாரக் குடாவின் தென்கரையிலுள்ள சம்பூரும் மூதூர் கிழக்கும் விமானங்களாலே தாக்கப்பட்டன. ஆயிரக்கணக்கான மக்கள் வீடு துறந்து அகன்றனர். 2008ஆம் ஆண்டு ஓகஸ்ட் 26ஆம் நாள் இரவு விடுதலைப் புலிகளின் சிறு விமானம் திருகோணமலைக் கடற்படைத் தளத்தின்மீது குண்டு வீசியது. அவ்விரவில் நகரின் தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் ஒருங்கே அஞ்சினர். 1942இற் சீனக்குடாவாசிகள் அஞ்சியதும், 1971இல் தெற்குக் கிராமத்தவர் அஞ்சியதும், 2006இற் சம்பூரார் அஞ்சியதும் வானிலிருந்து வந்த ஒரேவகை அச்சமே.

அவ்வாறாயின் விமானத்தை விரும்புவது தவறா? தவறன்று. பறத்தல் மனிதனின் தொன்மையான ஆசை. இறக்கையின் வளைவில் அழகு உண்டு. இயந்திரத்தின் ஒழுங்கில் அறிவு உண்டு. உடைந்ததைச் செப்பஞ்செய்யும் கையில் திறமை உண்டு. இவற்றை மதியாத சமுதாயம் தொழிற்கல்வியிற் பின்தங்கிவிடும். மேலும், விமான ஆர்வலர் வரலாற்றுக்குச் செய்துள்ள உதவி சிறிதன்று. படைகள் தம் பழைய பதிவுகளை அழித்துவிட்ட இடங்களிலும், ஆர்வலர் ஒருவரின் குறிப்புப் புத்தகம் ஒரு விமானத்தின் முடிவைத் தெரிவித்ததுண்டு. நாளும் எண்ணும் பிசகாது எழுதும் பழக்கம் போற்றத்தக்கது.

அப்பழக்கம் விமானத்தோடு நின்றுவிடாது, அதன் நிழல் விழுந்த நிலத்துக்கும் விரிய வேண்டும் என்பதே வேண்டுவது. சீ.ஜே. வரிசையின் எண்களைக் குறிப்பவர், அவ்விமானங்கள் 1971 ஏப்ரலில் எந்நாளில் எத்திசையிற் பறந்தன என்பதையும் குறிக்க வேண்டும். கிபிர் விமானத்தின் இறக்கை நீளத்தை அறிந்தவர், அது குண்டு வீசிய ஊர்களின் பெயரையும் அறிந்திருக்க வேண்டும். ஓட்டியவர், செப்பஞ்செய்தவர், வேலிக்கு வெளியே நின்று வியந்தவர், வீட்டுக்குள் நின்று நடுங்கியவர் ஆகிய நால்வரின் சொல்லும் சேர்ந்தாலே ஒரு போர்விமானத்தின் வரலாறு நிறைவுறும்.

அச்சொற்களைச் சேர்ப்பதற்குரிய காலம் குறுகி வருகிறது. 1971இல் இருபது வயதினராயிருந்தோர் இன்று எழுபதைக் கடந்துவிட்டனர். சீனக்குடாவில் இயந்திரங்களைத் திறந்த கைகளும், தம்பலகாமத்து வயலில் நின்று அண்ணாந்து பார்த்த கண்களும் முதுமையடைந்துவிட்டன. 1942இன் நினைவைத் தாமே சுமப்பவர் இனி மிகச் சிலரே. ஆவணங்கள் எழுதாத பலவற்றை இம்முதியோர் அறிவர். விமானம் எந்த மலைப்பக்கமாக வந்தது, ஒலி முதலில் கேட்டதா உருவம் முதலில் தெரிந்ததா, அன்று பாடசாலை நடந்ததா, வள்ளங்கள் கடலுக்குப் போயினவா என்பன போன்ற சிறு செய்திகள் அவர்களிடமே உள.

இவற்றைக் கேட்டு எழுதுவதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. திருகோணமலை மாவட்டத்து உயர் வகுப்பு மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டு முதியவர் ஒருவரிடம் அமர்ந்து, ஆண்டு, மாதம், இடம் ஆகியவற்றோடு ஒரு பக்கம் எழுதினாலே போதும். தமிழ் மாணவரும் சிங்கள மாணவரும் முஸ்லிம் மாணவரும் தத்தம் வீடுகளிலிருந்து எழுதிய பக்கங்களை ஒருங்கு வைத்துப் படித்தால், ஒரே வானத்தைப் பற்றித் தம் பாட்டன்மார் எத்துணை வேறுபட்ட நினைவுகளைக் கொண்டிருந்தனர் என்பது அவர்களுக்கு விளங்கும்.

சீனக்குடாவில் இன்றும் விமானிகளுக்குப் பயிற்சி நடைபெறுகிறது. காலை வேளைகளிற் சிறு விமானங்கள் குடாவைச் சுற்றி வருகின்றன. இளைஞர் ஒருவர் முதன்முறையாகத் தனியே ஓட்ட, ஆசிரியர் தரையில் நின்று பார்த்திருக்கிறார். வீதியிற் செல்லும் பாடசாலைப் பிள்ளைகள் அண்ணாந்து பார்க்கின்றனர். அவர்களுள் எவரும் பதுங்குகுழியைத் தேடி ஓடவில்லை. இந்நிலை எத்தனை அரியது என்பதை அவர்களுடைய பாட்டன்மாரிடம் கேட்டால் அறியலாம்.